நஞ்சும் உடலின் சாட்சியமும்

நஞ்சு ஒருவரைக் கொன்ற பின்னும் அவர் உடலில் நஞ்சாகவே தங்கியிருக்கும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். உண்மை முற்றிலும் அதுவன்று. உயிர் பிரியும் வரை உடலானது தன்னுள் புகுந்த அன்னியப் பொருளை மாற்றி வெளியேற்ற முயன்றுகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஈரலில் நிகழும் இச்செயலை வளர்சிதை மாற்றம் என்பர். ஆகவே, "இவர் எதனால் மாண்டார்?" என்று நீதிமன்றம் கேட்கும்போது, நஞ்சைத் தேடினால் மட்டும் போதாது, அந்த நஞ்சை உடல் என்னவாக மாற்றியது என்பதையும் தேட வேண்டும். இந்தப் பாடத்தை விஞ்ஞானம் படிப்படியாகக் கற்ற வரலாறு அறியத்தக்கது.

தொடக்கத்தில் நஞ்சைக் காண்பதே அரிதாயிருந்தது. 1850-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் பொக்கார்மே என்னும் பிரபு தம் மைத்துனரை நிகோடின் கொடுத்துக் கொன்றார். தாவர நஞ்சை மனித உடலிலிருந்து பிரித்தெடுக்கும் வழி அதுவரை வகுக்கப்படவில்லை. ழான் செர்வே ஸ்டாஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் அமிலம், மதுசாரம், ஈதர் ஆகியவற்றின் துணையால் அந்த நஞ்சைப் பிரித்துக் காட்டினார். மறு ஆண்டில் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. இதற்கு ஓராண்டு முன்னரே, 1849-இல், நம் சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டிருந்தது என்பதும், இந்தியாவில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

அடுத்த சிக்கலை ஹெராயின் கொண்டுவந்தது. அபினியின் சத்தாகிய மார்பினை மாற்றி 1874-இல் இலண்டனில் ஆல்டர் ரைட் முதன்முதல் ஆக்கிய பொருள் இது. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதனை மருந்தாக விற்கத் தொடங்கியது. உடலில் புகுந்த சில நிமிஷங்களில் ஹெராயின் உருமாறி, 'ஆறு-அசிட்டைல் மார்பின்' என்ற பொருளாகிறது. பின்னர் அதுவும் மார்பினாகிவிடுகிறது. ஆகவே சிறுநீரில் மார்பின் மட்டும் தென்பட்டால், அது ஹெராயினால் வந்ததா என்று உறுதி கூற இயலாது. நாம் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவும், வங்காளத்தில் வாழும் நம்மவர் 'போஸ்தோ' என்று அறிந்த அதே பண்டமும், அபினிச் செடியின் விதையே. அதை உண்டவர் சிறுநீரிலும் மார்பின் காணக்கூடும். குற்றமற்றவர் பழி சுமக்க இதைவிட வேறென்ன வேண்டும்? இதனை உணர்ந்தே 1998-இல் அமெரிக்க மத்திய அரசு, தன் ஊழியர் சோதனையில் மார்பினுக்குரிய எல்லையை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. ஆறு-அசிட்டைல் மார்பினையும் தேட விதித்தது. இப்பொருள் கசகசாவால் உண்டாவதில்லை; ஹெராயினையே சுட்டும்.

இதன் பின் அபினிச் செடியே வேண்டாத செயற்கைப் பொருள்கள் பெருகின. 1960-இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் பென்டனிலை உருவாக்கினார். அறுவைச் சிகிச்சைக்குப் பெரிதும் உதவும் இம்மருந்து, மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வலிமை வாய்ந்தது. ஈரல் இதன் ஒரு கிளையை வெட்டி 'நார்பென்டனில்' ஆக்கிவிடுகிறது. 1979-இல் கலிபோர்னியாவில் ஹெராயின் மிகுந்து இறந்தவர்களைப் போலவே சிலர் இறந்து கிடந்தனர். வழக்கமான சோதனைகளிலோ ஹெராயின் அகப்படவில்லை. பென்டனிலைச் சற்றே மாற்றிக் கள்ளத்தனமாகச் செய்த புதுப் பொருளே காரணம் என்பது பின்னரே தெரிந்தது.

2002-ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கு ஒன்றில் 800-க்கும் மேற்பட்டோர் பிணைக்கைதிகளாயினர். அவர்களை மீட்கப் படையினர் ஒரு மயக்கப் பொருளை உள்ளே செலுத்தினர். 120-க்கும் மேற்பட்ட பிணைக்கைதிகள் மாண்டனர். அது பென்டனிலைச் சார்ந்தது என்று மட்டுமே அரசு அறிவித்தது. உயிர் தப்பிய பிரிட்டானியர் இருவரின் ஆடைகளையும், மற்றொருவரின் சிறுநீரையும் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். ஆடைகளில் கார்பென்டனிலும் ரெமிபென்டனிலும் இருந்தன. சிறுநீரில் இருந்ததோ, கார்பென்டனிலை உடல் மாற்றியதால் பிறக்கும் நார்கார்பென்டனில். அரசு பெயர் கூறாத பொருளை ஒரு மனித உடல் கூறிவிட்டது.

இன்று கள்ளச் சந்தையில் தோன்றும் புதுப் பொருள்கள் பல, மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்படாதவை. அவற்றை உடல் எவ்வாறு மாற்றும் என்பதை எந்த நூலும் சொல்லாது. எனவே ஆய்வாளர்கள் மனித ஈரலின் உயிரணுக்களைக் குடுவையில் வைத்து, அவற்றோடு அப்பொருளைச் சேர்க்கின்றனர். பிறக்கும் துண்டுகளை, மூலக்கூறுகளின் நிறையை நுட்பமாக அளக்கும் நிறைநிறமாலைமானியால் இனங்காண்கின்றனர். பின்பு இறந்தவரின் இரத்தத்திலும் சிறுநீரிலும் அதே துண்டுகளைத் தேடுகின்றனர். குடுவையில் கண்டதும் உடலில் கண்டதும் ஒத்திருந்தால் ஐயம் பெரிதும் நீங்குகிறது.

இவ்வளவு முயற்சியும் எதற்காக? தெருவோரத்தில் மாண்டு கிடந்த இளைஞனின் தாய்க்கு, அவன் எதனால் இறந்தான் என்று ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காக்க மருத்துவருக்கு அச்சொல் வேண்டும். கசகசா உண்டவரைக் குற்றவாளியாக்காமலிருக்க நீதிபதிக்கும் அது வேண்டும். நஞ்சு உருமாறலாம், அந்த உருமாற்றத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு உடல் உண்மையைச் சொல்லும்.