மானாவாரி வேளாண்மையும் எதிர்பார்ப்புப் பயன்பாட்டுக் கோட்பாடும்

எதிர்பார்ப்புப் பயன்பாட்டுக் கோட்பாடு என்பது, விளைவு இன்னதென்று உறுதியாகத் தெரியாத நிலையில் மனிதர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதை விளக்கும் பொருளியல் கோட்பாடு. கிடைக்கக்கூடிய பணத்தின் சராசரியை அல்ல, அந்தப் பணத்தால் தமக்கு விளையும் பயன்பாட்டின் சராசரியையே ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பது இதன் மையக் கருத்து. ஐரோப்பாவில் சூதாட்டக் கணக்கிலிருந்து பிறந்த இக்கோட்பாடு, 1970களின் பிற்பகுதியில் இந்திய மானாவாரி ஊர்களில் உண்மையான பணத்தை வைத்துச் சோதிக்கப்பட்டது. அச்சோதனை எழுப்பிய கேள்விக்குப் பின்னாளில் தமிழ்நாட்டு நெல் வயல்களிலிருந்து ஒரு விடை கிடைத்தது.

மானாவாரியின் கணக்கு

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம், வெளியூரார்க்குச் சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்ட் ஆலையாலும் தெரிந்த ஊர். ஆனால் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் அடிப்படையில் மானாவாரிப் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பியே இங்கு விதைக்கப்படுகின்றன. விதை, உரம், உழவுக்கூலி எல்லாம் முதலில் போட வேண்டியவை. மழை எப்படி என்பது பிறகுதான் தெரியும். மழை கைவிடாவிட்டாலும் வேறு ஏதேனும் வரலாம். 2018இல் இந்தியாவில் முதன்முறையாகக் காணப்பட்ட படைப்புழு, அதே ஆண்டிலேயே பெரம்பலூர்ப் பகுதி மக்காச்சோளத்தைத் தாக்கியது.

செலவு அதிகமானாலும் நன்கு விளைந்தால் லாபம் தரும் பயிரா, குறைந்த வருமானம் தந்தாலும் வறட்சியைத் தாங்கும் வரகா என்ற தேர்வு ஆண்டுதோறும் வருகிறது. வரகைத் தேர்ந்தவரைப் பழமையில் ஊறியவர், துணிவில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையா என்பதே பொருளியலாளர்களின் கேள்வியாக இருந்தது.

பெர்னூலி முதல் நியூமன் வரை

1738இல் டேனியல் பெர்னூலி ஓர் ஏழையைக் கற்பனை செய்தார். அவர் கையில் ஒரு பரிசுச்சீட்டு இருக்கிறது. சரிபாதி வாய்ப்பில் 20,000 டுகாட் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அதை 9,000 டுகாட்டுக்கு அவர் விற்றுவிட்டால் அது முட்டாள்தனமா? இல்லை என்றார் பெர்னூலி. அதே விலைக்கு அதை வாங்கும் செல்வந்தரும் அறிவுடன்தான் நடக்கிறார். ஏழைக்கு ஒவ்வொரு காசும் பெரிது என்பதால் இருவரின் கணக்கும் வேறு. 1944இல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் இக்கருத்தைத் தம் விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் எடுத்துக்கொண்டனர். முரணின்றித் தேர்வு செய்பவர் எவரும் இப்படித்தான் நடப்பார் என்பதற்கான நிரூபணத்தை நூலின் 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தனர். 1960களில் கென்னத் ஆரோவும் ஜான் பிராட்டும் இடர் வெறுப்பை அளக்கும் முறையைத் தனித்தனியே வகுத்தனர்.

இக்ரிசாட் ஊர்களின் நாணயச் சுண்டல்

ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வறண்டநிலப் பயிர் ஆய்வு நிறுவனம், 1975 முதல் மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் ஆறு ஊர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தது. நிலமுள்ளவர்களோடு நிலமற்ற கூலிக் குடும்பங்களும் அதில் இடம்பெற்றன. அங்கிருந்த ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் முதலில் 'இப்படி நேர்ந்தால் எதைத் தேர்வீர்கள்' என்று கேட்டுப் பார்த்தார். கேட்பவர் மாறினால் பதிலும் மாறியது. எனவே பணத்தையே வைத்து ஆடச் செய்தார்.

ஆட்டம் எளியது. நாணயம் சுண்டப்படும். ஒரு தேர்வில் பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். இன்னொன்றில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 150. கடைசித் தேர்வில் ஒன்றுமில்லை அல்லது 200. இடையிலும் சில படிகள் உண்டு. அரை ரூபாய் அளவில் தொடங்கிச் சில வாரங்களில் ஆட்டம் 50 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. அந்த அளவில் சராசரியாகக் கிடைக்கக்கூடிய தொகை, பயிற்சியற்ற கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தைவிட அதிகம். விளையாட்டாக எண்ணிவிட முடியாத பணம் அது.

1980இல் வெளியான முடிவு பலரும் எதிர்பாராதது. சிறு தொகையில் ஆளுக்கு ஆள் தேர்வு வேறுபட்டது. தொகை பெரிதானபோது பெரும்பாலோர் நடுத்தர எச்சரிக்கையில் வந்து குவிந்தனர். மிகவும் அஞ்சியவர்கள் சிலரே. செல்வர், ஏழை என்ற வேறுபாடு தேர்வைப் பெரிதாக மாற்றவில்லை. ஏழை விவசாயி முதலீடு செய்யத் தயங்குவதற்குக் காரணம் அவர் மனப்பான்மை அல்ல, கடன் வசதியின்மை போன்ற புறத்தடைகளே என்று பின்ஸ்வாங்கர் வாதிட்டார். 1981இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், இதே ஆட்டங்கள் கோட்பாட்டுக்கும் ஒரு சிக்கலை உண்டாக்குவதைக் காட்டினார். மக்கள் தம் மொத்தச் சொத்தோடு கூட்டிப் பார்த்துத் தேர்வு செய்யவில்லை. கையில் வரப்போகும் தொகையைத் தனியாகவே எடைபோட்டனர். பெர்னூலியின் கணக்கு சொத்தை வைத்தது.

இச்சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஆட்டத்தில் எவரும் தம் பணத்தை இழக்க முடியாது. மோசமான முடிவு வெறுங்கை மட்டுமே. வயலில் தோற்றவருக்கோ கடன் மிஞ்சும். நாணயம் சுண்டுவதில் காட்டிய துணிவை அப்படியே விதைப்புக்கும் பொருத்திவிட முடியாது.

இடரைத் தாங்குபவர்

இதே ஊர்களின் கணக்குகளைக் கொண்டு ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் வேறொன்றைக் காட்டினார். ஒரு குடும்பத்தின் வருமானம் ஏறி இறங்கும் அளவுக்கு அதன் நுகர்வு ஏறி இறங்கவில்லை. கைமாற்று, உறவினர் உதவி, கடன் ஆகியவை ஓரளவு காப்பீடாக நின்றன. ஆயினும் ஊர் முழுவதும் மழை பொய்த்தால் ஊருக்குள் உதவ யாருமில்லை. இதற்காகவே மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்ரவர்த்தி, மழையளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டை 1920லேயே முன்மொழிந்திருந்தார். அது உரிய காலத்தில் கவனிக்கப்படாமல் போனது வருந்தத்தக்கது.

முஷ்ஃபிக் மொபாரக்கும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பருவமழைக் காப்பீட்டைச் சிலருக்கு மட்டும் அளித்துச் சோதித்தனர். 2013இல் வெளியான முடிவின்படி, காப்பீடு அளிக்கப்பட்ட தமிழ்நாட்டு நெல் விவசாயிகள் வறட்சியைக் குறைவாகத் தாங்கினாலும் அதிக மகசூல் தரும் ரகங்களுக்கு மாறினர். அவர்கள் குணம் மாறவில்லை. விழுந்தால் தாங்க ஒன்று இருந்தது, அவ்வளவே. மழைமானி தொலைவில் இருந்தால் காப்பீட்டின் மீதான நம்பிக்கை குறைந்தது. தன் வயல் காய்ந்தும் மானி இருக்கும் ஊரில் மழை பெய்துவிட்டால் பணம் வராது.

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு காரிஃப் பருவ உணவுப் பயிர்களுக்கு 2%, ரபிக்கு 1.5%, பருத்தி போன்ற பணப்பயிர்களுக்கு அதிகபட்சம் 5%. இதில் பரவலான மகசூல் இழப்பு தனி வயலை வைத்து அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே மழைமானிச் சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது.

மொபாரக், ரோசன்ஸ்வைக் ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. காப்பீடு பெற்ற நிலவுடைமையாளர்கள் இடர்மிகு ரகங்களுக்கு மாறியபோது, கூலி வேலைக்கான தேவை முன்னைவிட மழையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. மழை நன்றாக இருந்தால் கூலி உயர்ந்தது. பொய்த்தால் இழப்பீடு காப்பீடு பெற்ற நிலம் உள்ளவருக்குப் போனது, காப்பீடு இல்லாமல் வேலை இழந்த நிலமற்றவருக்கு ஒன்றும் இல்லை.