முதல்ல காதா, வாயா, கண்ணா, கையா?

ஒரு புது மொழி கத்துக்கணும்னா கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவதுன்னு நாலு வேலை இருக்கு. இதுல எதை முதல்ல சொல்லித் தரணும்? "குழந்தை மாதிரி முதல்ல கேட்கணும், அப்புறம் பேசணும், மத்ததெல்லாம் பிறகுதான்" என்று இன்னிக்கு நிறைய பேர் பட்டுன்னு பதில் சொல்லிடுவாங்க. ஆனா வரலாற்றைப் புரட்டினால், இந்த வரிசை பலமுறை தலைகீழாகி இருக்கு மக்களே. ஒவ்வொரு தடவையும் அதுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருந்திருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரெஞ்சு, ஜெர்மனையெல்லாம் லத்தீன் மாதிரியே நடத்தினாங்க. இலக்கண விதியை உருப்போடு, வாக்கியத்தை மொழிபெயர், அவ்வளவுதான். வாயைத் திறக்கவே வேண்டாம்! இதில் கடுப்பான ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஃபியட்டர், மொழிக் கல்வி தலைகீழாகத் திரும்பியே ஆகணும்னு 1882ல் புனைபெயரில் ஒரு சிறு நூலே போட்டார். (அப்பவே புனைபெயர் பாருங்க :-)) அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1878ல், அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் தன் முதல் பள்ளியைத் திறந்திருந்தார். அங்கே வகுப்புக்குள் தாய்மொழியே கிடையாது, எல்லாம் பேச்சு வழியாத்தான். காசு கட்டிப் படிக்க வந்த சின்னக் கூட்டத்துக்கு அது நல்லாவே வேலை செஞ்சது.

சரி, ஒரே வகுப்பில் அம்பது பசங்க, வாத்தியாருக்கே ஆங்கிலம் தடுமாறும், பாதிப் பேர் படிப்பை முடிக்காமலே நின்னுடுவாங்கன்னா என்ன பண்றது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். வங்காளத்தில் இருமொழிக் கல்வி பற்றி 1926ல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு அருமையான கருத்து வருது. அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட பெயர் 'சரண்டர் வேல்யூ'.

ஆமாங்க, நம்ம இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சொல்ற அதே வார்த்தைதான். பாலிசியைப் பாதியில் விட்டா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அதே மாதிரி, ஆங்கிலம் படிக்கிற பையன் பாதியில் பள்ளியை விட்டா அவன் கையில் என்ன மிஞ்சும்? கடைசி வருஷம் வரைக்கும் போனால்தான் பலன் கிடைக்கும்னு பாடத்திட்டம் போட்டால், நடுவில் நிக்கிறவனுக்கு மிச்சம் ஒண்ணுமே இல்லை.

அதனால வெஸ்ட் சொன்ன பதில்: படிப்பதில் ஆரம்பி. பேசுறதுக்கு எதிரில் ஒரு ஆள் வேணும், கிராமத்தில் ஆங்கிலம் பேச யார் இருக்கா? புத்தகம் படிக்கத் தெரிஞ்சா தனியாவே மேல போகலாம். அதுக்காகவே அரிய சொற்களைக் கழிச்சு, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமா அறிமுகப்படுத்தி, திரும்பத் திரும்ப வரவழைச்சு எளிய வாசிப்பு நூல்கள் எழுதினார்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், மொத்த மென்பொருளையும் முடிச்சுட்டுத்தான் தருவேன்னு அடம்பிடிக்காமல், எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் ஓடுற மாதிரி கொடுக்கிறது. 1926லேயே மனுஷன் யோசிச்சிருக்கார்! 1929ல் அமெரிக்காவில் வந்த கோல்மன் அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: பெரும்பாலான மாணவர்கள் ரெண்டு வருஷம்தான் மொழி படிக்கிறாங்க, அதுக்குள்ள வாசிப்பு ஒண்ணுதான் சாத்தியம்.

அப்புறம் உலகப்போர் வந்து வரிசையை மறுபடி புரட்டிப் போட்டது. சிப்பாய்க்கு நாவல் படிக்கவா வேணும்? எதிரில் நிக்கிறவன் பேசுறது புரியணும், பதில் பேசணும். 1943ல் அமெரிக்க ராணுவம் பல்கலைக்கழகங்களில் தீவிர மொழி வகுப்புகளைத் தொடங்கியது. சின்னக் குழு, அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், ஓயாத பயிற்சி. போருக்கப்புறம் இதுவே கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்ற வரிசையோட பள்ளிகளுக்குள் வந்தது. 1957ல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்க அரசு பயந்துபோய் பணத்தைக் கொட்ட, ஒலிநாடா சுழலும் மொழி ஆய்வகங்கள் பெருகின.

அதே சமயத்தில் நம்ம ஊரிலும் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கு. 1959ல் தொடங்கிய 'மெட்ராஸ் ஸ்நோபால்'. வாய்மொழிப் பயிற்சி, வாக்கிய அமைப்புகள் என்ற புது முறையில், ஆரம்ப நிலையில் ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் திட்டம். சிலரைப் பழக்கு, அவங்க இன்னும் சிலரைப் பழக்குவாங்க. பனிப்பந்து உருண்டு பெருசாகிற மாதிரி. ஆனா கைமாறக் கைமாறச் சரக்கு நீர்த்துப்போறது இந்த மாதிரி திட்டங்களுக்கே உள்ள வியாதி.

அடுத்து 1979ல் என். எஸ். பிரபு. பெங்களூரில் ஆரம்பிச்சு சென்னை, கடலூர் வரைக்கும் சில பள்ளிகளில் 1984 வரை சோதனை பண்ணினார். ரயில் அட்டவணை, வரைபடம்னு கொடுத்து புதிர் மாதிரி விடை கண்டுபிடிக்கச் சொல்றது. மனசு அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் தானா உள்ளே இறங்கும் என்பது அவர் கணக்கு.

நான் தமிழ் மீடியம். பன்னிரண்டாவது வரை ஆங்கிலத்தைப் பரீட்சைத் தாளில்தான் பார்த்தேன். ஆனா வாசிக்கத் தெரிஞ்சதால பொறியியல் புத்தகங்களைத் தட்டுத்தடுமாறித் தாண்ட முடிஞ்சது. அந்த வகையில் வெஸ்ட்டுக்கு நான் கடன்பட்டவன். அதே கல்லூரியில், என்னைவிடப் பிரமாதமா கோட் எழுதுற நண்பன் குழு விவாதச் சுற்றிலேயே வெளியே போனான். மூணு நிமிஷம் பேச வரல, அவ்வளவுதான். அவனோட சரண்டர் வேல்யூவை வேற யாரோ, வேற தராசுல நிறுத்துட்டாங்க.

வெஸ்ட்டோட பதிலில் குறை இருக்கு. வங்காளத்துப் பையனுக்கு வாசிப்பே முதல் தேவைன்னு முடிவு பண்ணினது அந்தப் பையன் இல்லையே. ஆனா அவர் கேட்ட கேள்வி இன்னும் பழசாகலை. காதா வாயான்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, பத்தாவதோட நிக்கப்போற பிள்ளைக்கு இந்த வருஷப் பாடத்தில் என்ன மிஞ்சும்னு பாடத்திட்டம் போடுறவங்க யோசிக்கணும்.

உங்களுக்கு நாலில் எது முதல்ல வந்தது? எது இன்னும் வரவே இல்லை? பின்னூட்டத்தில் சொல்லுங்க.