நூலிழையால் இழுக்கப்பட்ட யானை

சிறுவராயிருந்த காலத்தில் யாம் தீப்பெட்டிப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்ததுண்டு. புலிக்கும் மயிலுக்குமே அதில் மதிப்பு மிகுதி. இதனைப் படிக்கும் நம் சங்கத்து அன்பர் பலரும் அங்ஙனஞ் செய்தவரே யாவர். சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க தேசத்தாருக்கும் இத்தகைய வேட்கை யொன்று இருந்தது. பல வர்ணக் கல்லச்சு மலிந்தமையால், நூல், சோப்பு, மருந்து முதலியன விற்போர் உள்ளங்கை யளவான படச்சீட்டுக்களை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். முன்புறம் படம், பின்புறம் சரக்கின் புகழ். பெண்டிரும் பிள்ளைகளும் அவற்றை ஏடுகளில் ஒட்டி வைத்துப் பேணினர். பூனையும் நாயும் தவளையும் மனிதரைப் போல் உடையணிந்து அவற்றில் விளங்கும். ஆயினும் ஜம்போ என்னும் யானையின் படமே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஜம்போ ஆப்பிரிக்கக் காட்டில் கன்றாகப் பிடிபட்டுப் பாரிஸ் நகரத்திற் சில காலம் இருந்து, 1865-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையை யடைந்தது. ஆண்டு பலவாக ஆங்கிலச் சிறுவரை முதுகிற் சுமந்தது. 1882-இல் அச்சாலையார் அதனைப் பார்னம் என்னும் அமெரிக்க சர்க்கஸ் முதலாளிக்கு 2,000 பவுனுக்கு விற்றனர். விற்க வேண்டாவென்று சிறுவர்கள் விக்டோரியா அரசிக்குக் கடிதம் எழுதினர். யானையோ பெட்டியில் ஏற மறுத்தது. வீதிக்குக் கொணர்ந்தபோது நடுவழியிற் படுத்துவிட்டது. சங்கிலி பூட்டிப் பன்னாள் முயன்ற பின்னரே கப்பலேற்ற முடிந்தது.

இனிச் சீட்டைக் காண்போம். வில்லிமாண்டிக் என்னும் நூற் கம்பெனியார் வெளியிட்ட படத்தில், அவ்யானை அவர்தம் தையல் நூலால் இழுக்கப்பட்டுச் செல்கிறது. சங்கிலியைக் காணோம். யாழோசைக்கு யானை அடங்குவதைக் கலித்தொகையிற் கண்டு மகிழ்ந்தவர் நாம். மிகைபடக் கூறலைக் குறையென்று சொல்லோம். ஆனால் புலவர் அங்கே யானையின் சீற்றத்தை மறைத்தாரல்லர். இச்சீட்டிலோ மறைக்கப்பட்டது அதன் மறுப்பே. பிறிதொரு மருந்துச் சீட்டில் அதே ஜம்போ குழந்தைக்கு மருந்தூட்டும் தாதியாகவும் ஆயிற்று!

1885 செப்டம்பர் 15-இல் கனடாவிலுள்ள செயின்ட் தாமஸ் என்னும் ஊரில் ரயில் மோதி அஃது இறந்தது. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் நம் பழமொழியைப் பார்னம் அறிந்திரார். எனினும் தோலைப் பாடஞ் செய்தும் எலும்பைக் கோத்தும் இரண்டையும் காட்சிக்கு வைத்தார். தோல் 1975-இல் தீக்கிரையாயிற்று. எலும்புக்கூடு நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. அண்மையில் அதனை ஆராய்ந்தோர், இளம்பருவத்திலேயே முழந்தாள் மூட்டுக்கள் முதிய யானையினவைபோல் நைந்திருக்கக் கண்டனர்.