தவுல் புனித கிளெமென்ட் ஆலயம்: கட்டடமும் ஓவியமும்

முன்னுரை

ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில், பிரனீசு மலைத்தொடரைச் சார்ந்த போயி பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தவுல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித கிளெமென்ட் ஆலயம் ரோமனெஸ்க் கட்டடக்கலைக்கும் சுவரோவியத்திற்கும் ஒருசேரச் சான்றாகும். இன்று கட்டடம் மலையிலும் அதன் முதன்மை ஓவியங்கள் பார்சிலோனாவிலும் உள்ளன. இப்பிரிவு ஆலய வரலாற்றாய்வுக்கு உணர்த்துவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலமும் சூழலும்

மூன்று நெடுங்கூடங்களும், அவற்றின் கிழக்கு முனையில் அரைவட்ட மாடங்களும், மரக்கூரையும், உயர்ந்த மணிக்கோபுரமும் கொண்டது இவ்வாலயம். 1123 டிசம்பர் 10 அன்று ஆயர் ராமோன் கியெம் இதனை அர்ச்சித்த செய்தியைத் தூணொன்றில் வண்ணத்தால் எழுதப்பட்ட இலத்தீன் வாசகம் கூறுகிறது. மறுநாளே அவ்வூரின் புனித மரியா ஆலயமும் அர்ச்சிக்கப்பட்டது. இப்பள்ளத்தாக்கின் உரிமை குறித்து ரோடா, உர்ஹெல் ஆயர்களிடையே பூசல் நிலவிய காலம் அது. எனவே இவ்வர்ச்சிப்புகளைச் சமயச் சடங்காக மட்டுமன்றி, ரோடா ஆயரின் உரிமைநாட்டலாகவும் கொள்ள இடமுண்டு. கட்டடத்தின் காலத்தை உரைப்பது வண்ண எழுத்தே என்பது இங்குக் கருதத்தக்கது.

ஓவியப் பெயர்ப்பு

மூர் என்னும் ஊரின் ஆலய ஓவியம் விற்கப்பட்டு, 1921இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. பிற ஓவியங்களும் இவ்வாறு வெளியேறாதிருக்க, பார்சிலோனா அருங்காட்சியக வாரியம் 1919–1923 காலத்தில் இத்தாலிய வல்லுநர்களைக் கொண்டு பள்ளத்தாக்கின் ஓவியங்களைப் பெயர்த்தெடுத்தது. ஓவியத்தின்மேல் பசையால் துணியை ஒட்டி, உலர்ந்தபின் வண்ணப்படலத்தை உரித்து, வேறு துணிக்கு மாற்றுவது அம்முறை. தவுல் ஓவியம், மாடத்தின் வளைவை ஒத்த சட்டகத்தில் அருங்காட்சியகத்தில் நிறுவப்பட்டது.

ஓவியம் காக்கப்பட்டது, எனினும் அரியணைக் கிறித்துவின் உருவம் பீடத்தோடும் சாளர ஒளியோடும் வழிபாட்டோடும் கொண்டிருந்த உறவு அறுந்தது. உரித்தெடுத்த பின்னும் சுவரில் ஓவிய எச்சங்கள் எஞ்சின. பின்னாளில் மாடத்தில் தீட்டப்பட்டிருந்த படி அகற்றப்பட்டு, அவ்வெச்சங்கள் வெளிக்கொணரப்பட்டன. 2013 முதல் மூல ஓவியத்தின் தோற்றம் ஒளிவீழ்த்தலால் அங்கே காட்டப்படுகிறது.

முடிவுரை

2000இல் இப்பள்ளத்தாக்கின் ஒன்பது ஆலயங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் ஒன்றான தவுல் ஆலயத்தை வெற்றுக் கூடாகவோ, அதன் ஓவியத்தைத் தனிக் கலைப்பொருளாகவோ கொள்வது குறைபாடுடைய நோக்காகும். பெயர்ப்பு, ஓவியத்தை இழப்பினின்று காத்தது. அதேவேளை ஒரே வரலாற்றுச் சான்றை ஈரிடங்களில் பிரித்து வைத்தது. அவ்விரண்டையும் இணைத்து வாசிப்பதே ஆய்வாளரின் கடமை.