அங்கியில்லாப் போதகரின் அதிகாரம்: கல்வாரி சேப்பல், 1965–2016

ஆராதனையில் சம்பிரதாயம் தளர்ந்தால் போதகர்மேல் உள்ள மரியாதையும் தளர்ந்துவிடும் என்ற கவலை திருச்சபைகளில் அடிக்கடி எழுகிறது. கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் வளர்ந்த கல்வாரி சேப்பலின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கி, காலணி, பாட்டுமுறை எல்லாம் தளர்ந்த அதே ஆண்டுகளில்தான் அங்கே போதகரின் அதிகாரம் இறுகியது.

பழைய அங்கிச் சண்டைகள் வேறு வகை. இங்கிலாந்தில் 1566-இல் பேராயர் மத்தேயு பார்க்கர் வெள்ளை அங்கியைக் கட்டாயமாக்கியபோது லண்டன் குருமார் 37 பேர் மறுத்து, பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். ஆனால் போதகர் தனியாட்சி செய்யட்டும் என்று அந்தத் தரப்பு கேட்கவில்லை. 1570-இல் கேம்பிரிட்ஜில் தாமஸ் கார்ட்ரைட் கோரியது பேராயருக்குப் பதிலாக மூப்பர்களின் ஆளுகையை. அங்கி போனாலும் போதகரைத் தட்டிக்கேட்க ஓர் அமைப்பு இருக்கும்.

கோஸ்டா மேசாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சி உதவும். ஃபோர்ஸ்கொயர் சபைப் பிரிவிலிருந்து விலகிய சக் ஸ்மித், கொரோனா என்ற ஊரில் ஒரு சபையை நடத்தினார். ஒருமுறை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வழக்கமான ஒழுங்கை விட்டு, ஜெபமும் வேதபாடமுமாக ஆராதனையை நடத்தியதாக அவரே எழுதியிருக்கிறார். வந்தவர்களுக்கு அது பிடித்துவிட்டது. கமிட்டியாரோ நாற்காலிகளைப் பழையபடி வரிசையில் போடச் சொன்னார்கள். தாம் இவர்களுக்குக் கூலிக்காரர்தானா என்ற எண்ணம் ஸ்மித்துக்கு அப்போது உறைத்தது.

என் பார்வையில், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது. அந்த வட்டம் மக்கள் போராடிப் பெற்றதல்ல, போதகர் விரும்பியது. அதற்குக் குறுக்கே நின்றதும் சபையாரின் பிரதிநிதிகளான கமிட்டிதான். ஆகவே அவருக்குச் சம்பிரதாயத்திலிருந்து விடுதலை என்பதும் கமிட்டியிலிருந்து விடுதலை என்பதும் ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும்.

1965-இல் சுமார் 25 பேர் கொண்ட கல்வாரி சேப்பலுக்கு ஸ்மித் வந்தார். 1968 முதல், நீள்முடியும் தாடியுமாக இருந்த லானி ஃபிரிஸ்பியின் துணையோடு ஹிப்பி இளைஞர்கள் திரண்டனர். வெறுங்காலோடு வருபவர்களால் புதுக் கம்பளம் அழுக்காகும் என்று சிலர் வைத்த தடைப் பலகையை ஸ்மித் அகற்றினார் என்று அச்சபையார் இன்றும் சொல்வார்கள். இங்கும் தடை விதித்தவர்கள் சபையார், தடையை நீக்கியவர் போதகர். 1971-இல் பெரிய கூடாரத்தில் ஆராதனை நடந்தது. கிட்டார் இசையைப் பதிவுசெய்து பரப்ப மாரநாதா மியூசிக் தொடங்கப்பட்டது. பசிபிக் கடலில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர்.

இந்தக் கோலாகலத்துக்குப் பின்னால் இருந்த ஆளுகை ‘மோசே முறை’ எனப்பட்டது. மோசேக்கு எழுபது மூப்பர் துணை நின்றதுபோல, போதகருக்கு மூப்பர்கள் துணை நிற்பார்கள். ஆனால் அவர் கணக்குக் கொடுக்க வேண்டியது கர்த்தருக்கே. எண்ணாகமத்தின் பதினோராம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. தலைவன்மேல் முறுமுறுத்தவர்கள் தண்டனை அடைவதைச் சொல்லும் நூலும் அதுதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். பதவிக்குரிய அங்கி இல்லாத இடத்தில் மரியாதை முழுவதும் ஆளின்மேல் விழுந்தது. ஜீன்ஸ் அணிந்து அமர்ந்திருந்த சபையாருக்கு அவரை ‘பாஸ்டர் சக்’ என்று அழைக்கும் உரிமை இருந்தது. வாக்களித்து அவரை மாற்றும் உரிமை இல்லை.

ஆவியின் வரங்களை ஆராதனையில் எந்த அளவுக்கு அனுமதிப்பது என்ற கருத்து வேறுபாட்டால் 1982-இல், கல்வாரி சேப்பல் என்ற பெயரில் இயங்கிய சபைகளில் ஒன்றான ஜான் விம்பரின் சபை பிரிந்து வைன்யார்டு இயக்கத்தோடு சேர்ந்தது. 2007-இல் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ், இச்சபைகளில் தவறிய போதகர்களைக் கண்டிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பியது.

ஸ்மித் 2013 அக்டோபரில் இறந்தார். மூன்றே ஆண்டுகளில், கோஸ்டா மேசா சபையில் அவருக்குப் பின் போதகரான மருமகன் பிரையன் பிராடர்சன், கல்வாரி சேப்பல் சங்கத்தின் தலைமைக் குழுவிலிருந்து விலகித் தனி வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினார்.