செழிக்கும் உயிரி, குறையும் பணி: தாவர மிதவையுயிரிகளின் தகவமைப்பு குறித்து

உலகின் ஒளிச்சேர்க்கை உற்பத்தியில் ஏறக்குறையப் பாதியைக் கடலின் தாவர மிதவையுயிரிகள் செய்கின்றன. ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களின் மொத்த எடையில் அவற்றின் பங்கு ஒரு விழுக்காட்டையும் எட்டாது. இவ்விரண்டு உண்மைகளையும் இணைப்பது வேகம். நாளுக்கு ஒருமுறை என்ற அளவில் இரண்டாகப் பிரிந்து, சில நாள்களுக்குள் உண்ணப்பட்டோ மடிந்தோ அவை மறைகின்றன. இந்த வேகத்திலிருந்துதான் ஒரு நம்பிக்கையும் பிறந்திருக்கிறது. ஓராண்டில் சில நூறு தலைமுறைகளைக் காணும் உயிரிக்கு, வெப்பமும் அமிலத்தன்மையும் ஏறினாலும் பரிணாமம் கைகொடுக்கும். ஆகவே கடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அந்த நம்பிக்கை. இதன் முற்பாதி மெய். பிற்பாதி முற்பாதியிலிருந்து பெறப்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இயற்கைத் தேர்வு பெருகும் திறனைத் தேர்ந்தெடுக்கிறது. கார்பனை ஆழத்துக்கு அனுப்புவது, மீனுக்கு இரையாவது என்று அவ்வுயிரி செய்துவரும் பணிகள் அந்தத் தேர்வில் காக்கப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதைத் தெளிவாகக் காட்டும் சான்று எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற சுண்ணத்தகட்டு நுண்பாசி. மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கே அகலமுள்ள இந்த ஒற்றைச்செல், நடுவில் துளையும் சுற்றிலும் ஆரங்களும் கொண்ட வட்டச் சுண்ணத் தகடுகளைத் தன்னுள் வார்த்து, ஒன்றன் ஓரம் மற்றொன்றில் செருகும்படி மேலே அடுக்கிக்கொள்கிறது. இது பெருகும் காலத்தில் கடல் பால் கலந்த பச்சைநீலமாக மாறுவதைச் செயற்கைக்கோள்கள் படம்பிடிக்கின்றன. மடிந்த உயிரிப்பொருளோடு ஒட்டும் இத்தகடுகளின் எடை, அதிலுள்ள கார்பன் விரைந்து மூழ்க உதவுகிறது. ஆனால் தகடு வார்ப்பது செலவுள்ள வேலை. சுண்ணம் படியும்போது செல்லுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் சேர்கின்றன. அவற்றை வெளியேற்றியாக வேண்டும். வெளிநீரின் அமிலத்தன்மை உயர உயர அந்த வெளியேற்றம் கடினமாகிறது.

ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் லோபெக், ரீபெசெல், ராய்ஷ் ஆகியோர், நார்வேயின் பெர்கன் அருகே எடுத்த இவ்வுயிரியை 400, 1100, 2200 மைக்ரோவளிமண்டலம் என மூன்று கார்பன் டை ஆக்சைடு அளவுகளில் வளர்த்தனர். சில நாள்களுக்கு ஒருமுறை கொஞ்சம் செல்களை மட்டும் புதிய நீருக்கு மாற்றுவதே முறை. விரைந்து பிரிவது அடுத்த குடுவையை நிறைக்கும். ஏறத்தாழ 500 தலைமுறைகளுக்குப் பிறகு 2012-இல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. அமில நீரில் பழகியவை, பழகாதவற்றைவிட அந்நீரில் விரைந்து வளர்ந்தன. அவற்றின் சுண்ண உற்பத்தியும் 50 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. ஆய்வு அத்துடன் நின்றிருந்தால் கடல் மீள்கிறது என்றே பாடநூல்கள் எழுதியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகள், 2100 தலைமுறைகள் கடந்து 2016-இல் ஷ்லூட்டரும் குழுவினரும் வெளியிட்ட முடிவு வேறு. வளர்ச்சி வேகத்தில் கிடைத்த ஆதாயம் 3.4 முதல் 4.8 விழுக்காடு மட்டுமே. முதலாண்டில் மீண்ட சுண்ண உற்பத்தியோ, பழகாத செல்கள் அதே அமில நீரில் காட்டும் அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்றைய கடல்நீருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் அது பழைய அளவுக்கு ஏறியது. எனவே தகடு வார்க்கும் ஆற்றல் அழியவில்லை. அமிலச் சூழலில் அதைக் குறைத்துக்கொள்வதை அவை கற்றிருந்தன. உயிரியின் பார்வையில் இது வெற்றி. மூழ்கும் கார்பனைக் கணக்கிடுவோருக்கு இது இழப்பு. ஒரே நிகழ்வுக்கு இரண்டு மதிப்பீடுகள் உண்டு என்பதை இத்துறையின் விவாதங்கள் போதிய அளவு பிரித்துப் பார்ப்பதில்லை.

குடுவையில் மேய்வோரும் நச்சுயிரிகளும் போட்டியாளர்களும் இல்லை. கடலில் தகட்டுக்குக் காவல் பயன் இருந்தால் தேர்வு அதைத் தக்கவைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2011-இல் அதே பெர்கன் பகுதிக் கடற்குடாவில், இயற்கைச் சமூகம் முழுவதையும் பெரும் மிதவைக் கலங்களில் அடைத்து அமிலத்தன்மையை உயர்த்திப் பார்த்தபோது, ஹக்ஸ்லேயி வழக்கமான பெருக்கத்தையே எட்டவில்லை. பெருக்கத்துக்கு முந்தைய வாரங்களில் எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு பின்னடைவே போதுமானதாக இருந்தது. ஆக, இயற்கைச் சமூகத்தில் அமிலத்தன்மையின் சுமை குறையவில்லை, கூடியது. இன்னும் வலுவான மறுப்பு வட அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. 1965 முதல் 2010 வரையிலான மிதவையுயிரிப் பதிவுகளில் சுண்ணத்தகட்டுப் பாசிகள் தென்படும் விகிதம் சுமார் 2 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தத் தரவை நான் ஏற்கிறேன். ஆயினும் அது எண்ணியது செல்கள் தென்படுவதை. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு சுண்ணம் சுமக்கிறது என்பதை அன்று. கூடுதல் கார்பனால் ஓர் உயிரி செழிக்கலாம், அதே சமயம் அதன் தகடு மெலியலாம். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பதற்கே அந்தத் தரவும் காரணம் தருகிறது.

வெப்பத்தின் நிலை இதைவிடக் கடுமையானது, குறிப்பாக நம் அட்சரேகைகளில். தாமஸ், கிரெமர், கிளவுஸ்மயர், லிட்ச்மன் ஆகியோர் 194 வகைகளை ஒப்பிட்டு 2012-இல் காட்டியபடி, ஒரு வகையின் உகந்த வெப்பநிலை பெரும்பாலும் அது வாழும் நீரின் சராசரி வெப்பத்தோடு பொருந்துகிறது. தகவமைப்புக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் வெப்பமண்டல வகைகள் பல ஏற்கெனவே தம் உகந்த அளவின் விளிம்பிலோ அதைத் தாண்டியோ வாழ்கின்றன. குளிர்கடல் உயிரிக்குச் சில பாகை வெப்பம் ஊக்கம். வங்கக்கடல் உயிரிக்கு அது சரிவு. அத்துடன் பசியும் சேர்கிறது. மேல்நீர் சூடாகி இலேசாகும்போது ஆழத்திலிருந்து நைட்ரேட் மேலேறுவது தடைப்படுகிறது. டயாட்டங்கள் எனப்படும் சிலிக்கா ஓட்டு நுண்பாசிகளில் ஒன்றான தலாசியோசிராவில், ஊட்டம் குறைந்தால் உகந்த வெப்பநிலையே 3 முதல் 6 பாகை வரை தாழ்கிறது என்று 2017-இல் கண்டறிந்தனர். ஊட்டம் நிறைந்த குடுவையில் பெற்ற வெப்பத் தாங்குதிறனை அப்படியே ஊட்டம் வறண்ட கடலுக்குப் பொருத்த முடியாது.

சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் கடல் கடுமையாகச் சூடானது, மிதவையுயிரிகள் பிழைத்தன என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அன்று கார்பன் சேர்ந்தது பல்லாயிரம் ஆண்டுகளில். இன்றைய ஆண்டு வெளியேற்றம் அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. பிழைத்த கடல் முந்தைய கடலாகவும் இருக்கவில்லை.

சமூக அளவில் தகவமைப்பு பெரும்பாலும் ஒரு வகை மாறுவதாக நிகழ்வதில்லை, ஒரு வகையின் இடத்தை மற்றொன்று பிடிப்பதாகவே நிகழ்கிறது. வட அரபிக்கடலில் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், குளிர்காலப் பருவக்காற்றில் டயாட்டங்கள் பெருகிய இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரி பிடித்துவருகிறது. பிராணவாயு குறைந்த நீர் மேலேறுவதே காரணம் என்று 2014-இல் கோம்ஸும் குழுவினரும் எழுதினர்; மேல்நீரில் அப்படிக் குறையவில்லை என்று இந்திய ஆய்வாளர்கள் மறுத்தனர். காரணத்தில் வேறுபாடு இருந்தாலும் விளைவு கண்கூடு. உள்ளே பச்சைப் பாசியைக் குடிவைத்து, டயாட்டங்களையும் விழுங்கும் இவ்வுயிரியைச் சிறு மீன்களின் இரையான கோபிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் விரும்பி உண்பதில்லை. சால்ப்புகள் என்ற கூழ்ம உடல் விலங்குகளும் சொறிமீன்களும் உண்கின்றன. பச்சையத்தை மட்டும் அளக்கும் கருவிக்குக் கடல் அன்றுபோலவே வளமாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் 2008-இலும் 2019-இலும் இதே உயிரி பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின.

ஆகவே நம் கடற்கரைகளில் பச்சைய அளவீட்டோடு, எந்த இனம், எவ்வளவு சுண்ணம், எவ்வளவு சிலிக்கா என்ற கணக்கும் நுண்ணோக்கியின் கீழ் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டும். இது புதிய வேலை அன்று. சென்னை மாகாண மீன்துறையின் ஹார்னெலும் நாயுடுவும் 1924-இலேயே மலபார்க் கரையின் மத்தி மீனை அதன் மிதவையுயிரிகளோடு சேர்த்து ஆராய்ந்தனர். 1955-இல் நாயரும் சுப்பிரமணியனும் அந்த மீனின் மிகுதிக்குச் சுட்டியாக ஒரே ஒரு டயாட்டத்தைப் பெயர் சொல்லிக் குறித்தனர்: ஃபிராஜிலாரியா ஓஷியானிக்கா.