கல்பாக்கம் எவ்வளவு தூரம் சார்?

இது ஒரு பழைய வகுப்பறைக் கடன்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், நம்ம ஊர்லேர்ந்து கல்பாக்கம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். இன்றைய ஈ.சி.ஆர். அப்போது இல்லை. "திண்டிவனம், செங்கல்பட்டுன்னு பஸ் மாறிப் போகணும்டா, அரை நாள் ஆகும், உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்த வருடம் மார்ச் மாதம்தான் கல்பாக்கத்தின் இரண்டாவது உலை வணிக உற்பத்திக்கு வந்திருந்தது. முதல் உலை 1983 ஜூலையிலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரத்தில் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் சேர்ந்தது. அடுத்த ஏழே வருடத்தில், 1969இல், பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்துடன் இந்தியா ஓர் ஒப்பந்தம் போட்டது. தெற்கு பிரான்ஸில் கடராஷ் என்ற இடத்திலிருந்த 'ராப்சோடி' உலையின் வடிவமைப்பை ஒட்டித்தான் கல்பாக்கத்தில் வேக ஈனுலை கட்டினார்கள். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு பிரான்ஸிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியம், யுரேனியம் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே செய்து, 1985 அக்டோபரில் உலையை இயக்கினார்கள். இதை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. டூப்ளேயைப் பற்றி மட்டும் வருடா வருடம் சொன்னேன்!

போன வாரம் பேத்தி தன் போனில் பீச் ரோட்டிலிருந்து கல்பாக்கத்துக்கு நேர்கோடு இழுத்துப் பார்த்தாள். ஏறக்குறைய 78 கிலோமீட்டர்.

இது பக்கமா, தூரமா? நம் நாட்டு விதிப்படி அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரைதான். அந்தக் கணக்கில் நாம் வெகு தூரம். 2011இல் ஃபுகுஷிமா விபத்தின்போது ஜப்பான் அரசு 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றியது. அமெரிக்காவோ அங்கிருந்த தன் மக்களை 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர், தள்ளிப் போகச் சொன்னது. அந்தக் கணக்கில் நாம் வட்டத்துக்குள்ளே. போதாததற்கு, 20 கிலோமீட்டருக்கு வெளியே வடமேற்கில் இருந்த இடாதே கிராமத்தையும் பிறகு காலி செய்ய வேண்டியதாயிற்று. காற்று அந்தப் பக்கம் வீசியிருந்தது. கல்பாக்கம் நமக்கு வடகிழக்கில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கடற்கரையில் நடப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 2004 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோதும் ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, அதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பையன் இப்போது வில்லியனூர் பக்கம் இருப்பதாகக் கேள்வி. தம்பி, இதைப் படித்தால் திருத்திக்கொள். 78. அன்று நான் சொன்னது பஸ் கணக்கு.